மங்கம்மாள் சாலையில் எதிர்க்காற்று

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்புகிறவர் தூரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாதத்தைப் பார்க்க வேண்டும். தூரம் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். அதில் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. மார்கழி, தையில் போனால் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். நல்ல கால் உள்ளவர் பொழுது சாய்வதற்குள் வள்ளியூரைத் தாண்டிவிடுவார். ஆனியில் அதே ஆள் அதே வண்டியில் போனால் கயத்தாறிலேயே பொழுது போய்விடும்.

தென்மாவட்டங்களில் மேகாத்து என்று சொல்லும் மேல்காற்று வைகாசிக் கடைசியில் கிளம்பும். ஆடியில் உச்சத்துக்குப் போய், புரட்டாசியில்தான் அடங்கும். கத்திரி முடிந்தால் கோடை முடிந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பழைய பருவக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில். கோவில்பட்டிக் கரிசலில் அந்த இரண்டு மாதமும் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பது தெரியும். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு வருகிற அதே காற்று, மலையிறங்கும்போது ஈரம் வற்றிச் சூடேறி, கரிசல்மேல் அனலாக வீசுகிறது. தெற்கே மலைத்தொடர் முடியும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு இன்னும் வேகம் பிடிக்கிறது. குற்றாலத்தில் குளிக்கப் போகிறவர்கள் கொண்டாடும் அந்தப் பருவம், நாங்குநேரிச் சாலையில் சைக்கிள் மிதிக்கிறவருக்குத் தலைக்குமேல் வெயிலும் முகத்தில் புழுதியுமாக வந்து சேர்கிறது.

1980களில் இந்த வழியே அப்பாவின் ஹெர்குலிஸில் போயிருக்கிறேன். இப்போது கியர் சைக்கிளில் போகிறேன். இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: வண்டியும் ஓட்டுகிறவரும் எவ்வளவோ சேர்த்துக்கொண்டார்கள். சாலை, சைக்கிள்காரனுக்குத் தன்னிடம் வைத்திருந்ததை ஒவ்வொன்றாக இழந்துவிட்டது.

அன்றைய வண்டியிலிருந்து தொடங்குகிறேன். 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய பிறகு ஹெர்குலிஸும் பிலிப்ஸும் பி.எஸ்.ஏ.வும் ஊரூராக வந்தன. வடக்கேயிருந்து அட்லஸும் ஹீரோவும் வந்தன. பெயர்தான் வேறு, உருவம் ஒன்றே: 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு, செயின் கவர், பின்னால் மூட்டை ஏற்றும் கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு. எடை 20 கிலோ வரும். கியர் என்ற பேச்சே கிடையாது. காற்றில்லாத வேளையில் சீராக மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் போகலாம். சுமைக்காகவே செய்த வண்டி அது. ஜவுளி மூட்டை, கருவாட்டுக் கூடை, தீப்பெட்டிக் கட்டு, பின்னால் மனைவி, முன்கம்பியில் பிள்ளை என்று எதை ஏற்றினாலும் தாங்கும்.

எதிர்க்காற்றில்தான் அதன் குறை தெரியும். ஹேண்டில்பார் உயரமாக இருப்பதால் நிமிர்ந்து உட்கார வேண்டும். நெஞ்சு முழுவதையும் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். வேட்டி கட்டியிருந்தால் அதுவும் காற்றை வாங்கி உப்பிக்கொள்ளும். பழகிய பெரியவர்கள் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரின் நடுவில் மணிக்குப் பக்கத்தில் சேர்த்துப் பிடித்து, மோவாய் மணியைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து மிதிப்பார்கள். இன்று பந்தயச் சைக்கிள்களில் முன்னால் நீட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிகிறார்களே, ஏறக்குறைய அதே இருப்பு. காற்றோடு வாழ்ந்தவர்கள் அதைத் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள்.

காற்று ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. காற்றின் எதிர்ப்பு அதன் வேகத்தின் இருமடியாக ஏறும். அமைதியான நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அந்த 20 கிலோமீட்டர் காற்றைக் கிழித்தால் போதும். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதே வேகத்தில் போக 50 கிலோமீட்டர் காற்றைக் கிழிக்க வேண்டும். எதிர்ப்பு ஆறு மடங்கைத் தாண்டிவிடுகிறது. சாதாரணக் காலால் அது ஆகாது. வேகம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இறங்கிவிடும். ஏற்றத்துக்கு உச்சி என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் இறக்கம் வரும். எதிர்க்காற்றுக்கு அப்படி ஒரு முடிவு கண்ணுக்குத் தெரியாது. கியர் இருப்பவர் கியரை இறக்கிப்போட்டு, மெதுவாகப் போனாலும் கால் ஒரே சீராகச் சுற்றும்படி பார்த்துக்கொள்ளலாம். கியர் இல்லாதவர் எழுந்து நின்று மிதிப்பார். அதுவும் முடியாதபோது இறங்கித் தள்ளுவார். காவல்கிணறு விலக்கில் நாகர்கோவிலை நோக்கித் திரும்பியதும், ஆடி மாதப் பிற்பகலில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலைகுனிந்து நடக்கிறவர்களை வரிசையாகப் பார்க்கலாம். யாரும் அதைத் தோல்வியாக நினைத்ததில்லை. காற்று அடிக்கிறது, அதனால் நடக்கிறோம் என்பதுதான்.

இன்றைய வண்டியில் அந்தக் குறையெல்லாம் இல்லை. ஒன்பது, பத்துக் கிலோதான் எடை. வளைந்த ஹேண்டில்பாரைக் கீழே பிடித்துக் குனிந்தால் காற்று முதுகுக்கு மேலே போய்விடும். பின்சக்கரத்தில் 11 பல்லிலிருந்து 34 பல் வரை அடுக்கு இருக்கிறது. முன்னால் கைப்பேசியில் வழியும் வேகமும் இதயத்துடிப்பும் தெரிகின்றன. நாளை எத்தனை மணிக்கு எந்தத் திசையிலிருந்து காற்று வரும் என்பதும் தெரிகிறது. அன்று காற்றின் திசையைப் பனையோலை சொன்னது. இன்று அதைவிடத் தெளிவாகச் சொல்வது காத்தாடி. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 1986-இல் காற்றாலைகளை நிறுத்திப் பார்த்தார்கள். 1990களில் முப்பந்தல், பணகுடி, கயத்தாறுப் பக்கமெல்லாம் அவை காடாக எழும்பின. காற்று வரும் திசைக்குத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த இயந்திரத்தின் அமைப்பு. ஆகவே நமக்கு முன்னால் நிற்கும் காத்தாடியின் முதுகு தெரிந்தால் எதிர்க்காற்று. முகம் தெரிந்தால் பின்காற்று. பக்கவாட்டில் தெரிந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கைப்பேசியின் கணிப்பு பிசகினாலும் காத்தாடி பிசகுவதில்லை.

இனி சாலைக்கு வருகிறேன். மதுரையிலிருந்து தெற்கே போகும் இந்த வழியைப் பழைய ஆட்கள் மங்கம்மாள் சாலை என்றே சொல்வார்கள். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், சாலை போட்டதற்கும் ஓரத்தில் மரம் வைத்ததற்கும் சத்திரம் கட்டியதற்கும் நினைக்கப்படுகிறவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரம் இன்றும் நிற்கிறது. அவர் வைத்த மரங்கள் எத்தனை தலைமுறை இருந்தனவோ, அவற்றுக்குப் பிறகும் மரம் வைக்கும் வழக்கம் விடவில்லை. நான் சிறுவயதில் பார்த்தபோது இந்தச் சாலையில் பல மைல்களுக்கு இருபுறமும் புளியமரம்.

அந்தப் புளியமரங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றைப் பார்க்காத ஒரு தலைமுறை இப்போது இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறது. அடிமரம் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமன். இடுப்பு உயரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்து, அதன்மேல் எண் எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். நெடுஞ்சாலைத் துறை அந்த எண்களை வைத்துப் புளி மகசூலை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர்கள் மாசி, பங்குனியில் குடும்பத்தோடு வந்து தொரட்டியும் சாக்குமாக மரத்தடியில் தங்கி உலுக்குவார்கள். கிளைகள் இருபுறமிருந்தும் வந்து நடுச்சாலைக்கு மேலே கோத்துக்கொண்டிருக்கும். புளிய இலை சிறியது என்பதால் நிழல் கறுப்பாக விழாது. பொடிப்பொடியாக வெளிச்சம் கலந்து தாரின்மேல் அசைந்துகொண்டிருக்கும். நிழலுக்குள் நுழைந்த உடனே தோளில் சூடு இறங்குவது தெரியும். மரம் விட்டுப்போன இடத்தில் தார் இளகி, டயர் அதில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்கும்.

நிழலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சைக்கிள்காரனுக்கு அந்த மரங்கள் செய்த இன்னொரு உதவியை யாரும் பேசுவதில்லை. சாலையின் மேற்குப் பக்கத்து வரிசை காற்றைத் தடுத்தது. இரண்டு மரத்துக்கு நடுவில் உள்ள இடைவெளியில் காற்று பளாரென்று அறையும்; அடுத்த மரம் வந்ததும் ஹேண்டில் கையில் இலேசாகும். எட்டு மைல் எதிர்க்காற்றையும் பக்கக்காற்றையும் அந்த மரங்கள் துண்டுதுண்டாக நறுக்கிக் கொடுத்தன. அடுத்த மரம் வரை மிதிப்போம், அதற்கடுத்த மரம் வரை மிதிப்போம் என்று கணக்கு வைத்துத்தான் அந்தக் காலத்தில் சாத்தூரும் கோவில்பட்டியும் போய்ச் சேர்ந்தோம்.

2000களில் நான்குவழிச் சாலை வந்தது. பழைய தேசிய நெடுஞ்சாலை 7, எண் மாறி 44 ஆனது. காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் சாலை அது. அகலப்படுத்தும்போது இருபுறத்துப் புளியமரங்களும் போயின. புதிய சாலையில் நடுத்திட்டில் அரளியும் காகிதப்பூவும் வைத்திருக்கிறார்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு வெளிச்சம் கண்ணில் அடிக்காமலிருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் நடுத்திட்டுச் செடியின் நிழல் ஓரத்தில் போகிறவர்மேல் எந்த வேளையிலும் விழாது. 2015-இல் மத்திய அரசு பசுமை நெடுஞ்சாலைக் கொள்கையைக் கொண்டுவந்து, சாலைத் திட்டச் செலவில் நூற்றில் ஒரு பங்கை மரம் வளர்ப்பதற்கு ஒதுக்கச் சொன்னது. நட்டும் இருக்கிறார்கள். கரிசலில், இந்தக் காற்றில், டேங்கர் தண்ணீரை நம்பி நிற்கும் கன்று பிழைப்பது கடினம். பிழைத்தாலும் அது ஒரு சைக்கிளுக்கு நிழல் தர இருபது வருடம் வேண்டும்.

மரம் போனதோடு சாலையும் உயர்ந்துவிட்டது. வயலுக்கு மேலே கரை எடுத்துப் போட்ட சாலை அது. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நடுவில் தடையே இல்லை. வெயிலில் காற்றின் வெப்பம் 40 டிகிரியாக இருக்கும்போது தாரின் மேற்பரப்பு 60-ஐத் தொடும். மேலிருந்து வருகிற சூட்டைத் தொப்பியோ ஹெல்மெட்டோ தடுக்கும். கீழிருந்து முகத்தில் அடிக்கும் சூட்டைத் தடுக்க எதுவும் கிடையாது.

பழைய சாலை சொர்க்கமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருவழிச் சாலை, எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் சைக்கிளுக்கு இடமில்லை. ஹாரன் சத்தம் கேட்டதும் மண்ணில் இறங்கிவிட வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் இருக்கும். இறங்கும்போது விழுந்து கை ஒடிந்தவர்கள் உண்டு. இரவில் டைனமோ வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகாது. நின்றால் அதுவும் அணைந்துவிடும். இன்று தார் போட்ட ஓரப்பட்டை இருக்கிறது, வெள்ளைக்கோடு இருக்கிறது. லாரி அதன் வழியில் போகும், சைக்கிள் தன் வழியில் போகலாம். இது பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அந்த ஓரப்பட்டையில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள்கள் வருவதும், பழுதான லாரிகள் நிற்பதும் தனிக்கதை.

பக்கக்காற்றில் பெரிய வண்டிகள் தாண்டிப் போகும்போது நடப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் போகிறவர்களுக்குப் பயன்படும். தெற்கே போகும்போது நாம் சாலையின் இடது ஓரத்தில், அதாவது கிழக்குப் பக்கம் இருப்போம். காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். அதற்கு ஈடுகொடுக்க வண்டியை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தபடியே ஓட்டிக்கொண்டிருப்போம். பின்னாலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி நம்மைத் தாண்டும்போது அதன் உடம்பு காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருந்த நாம் லாரியின் பக்கமே இழுபடுவோம். லாரி போன மறுகணம் நின்றிருந்த காற்று மொத்தமாகத் திரும்பி வந்து நம்மை இடப்பக்கம் தள்ளும். எல்லாம் மூன்று விநாடிக்குள். வெள்ளைக்கோட்டிலிருந்து ஒரு கை தூரமாவது உள்ளே தள்ளியே ஓட்ட வேண்டும். லாரிச் சத்தம் கேட்டதும் ஹேண்டிலைக் கீழே பிடித்துக் குனிந்துவிட வேண்டும். பழைய சாலையில் லாரிகள் நாற்பதில் போயின, இன்று எண்பதில் போகின்றன.

சாலையிலிருந்து மறைந்த இன்னொன்று சைக்கிள் கடை. அன்று ஐந்தாறு மைலுக்கு ஒரு கடை, பெரும்பாலும் ஒரு வேப்பமரத்தடியில், டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும். முன்னால் மணிக்கணக்கு வாடகைக்கு விடும் வண்டிகள் எண் எழுதி நிற்கும். ட்யூபை வெளியே எடுத்து, காற்றடித்து, பாதி வெட்டிய டயரிலோ பழைய சட்டியிலோ இருக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்த இடத்தைக் காப்பிங் பென்சிலால் குறித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காயவைத்து, பழைய ட்யூபில் வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியலால் இரண்டு தட்டு. அதற்குள் ஒரு டீ குடித்து முடித்திருப்போம். காற்றைப் பற்றிய செய்தியும் அங்கேதான் கிடைக்கும். வள்ளியூர்ப் பக்கத்தில் ஒரு கடைக்காரர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"எங்க தம்பி போறீரு?"

"நாகர்கோவில் போணும் அண்ணாச்சி."

"மணி பத்தாச்சுல்லா. இனிமே காத்து ஏறிரும். சாயந்தரம் வரைக்கும் இங்கன மரத்தடியில கெடயும். பெறவு மெதுவாப் போவலாம்."

அவர் சொன்னதில் இருந்தது அனுபவம் மட்டும் இல்லை, காற்றின் இயல்பே அதுதான். தரை சூடேறச் சூடேற, மேலே வேகமாக ஓடும் காற்று கீழே இறங்கிக் கலக்கும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் தணியும். விடியுமுன் கிளம்பிப் பத்து மணிக்குள் நாளின் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும் என்பது அன்றும் இன்றும் மாறாத விதி.

அந்தக் கடைகளில் பல இன்று டூவீலர் பஞ்சர் கடைகளாகிவிட்டன. இருக்கிற ஒன்றிரண்டுக்குப் போனாலும் புதிய சைக்கிளுக்கு அங்கே வேலை நடக்காது. நல்ல கியர் சைக்கிள் பலவற்றில் இருப்பது பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு. அதன் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். கடைப் பம்பின் வாய் அதில் பொருந்தாது. அதைப் பொருத்த விரல்நுனி அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டு கிடைக்கிறது. அதை ஓட்டுகிறவர்தான் பையில் வைத்திருக்க வேண்டும். கூடவே உபரி ட்யூப், நெம்புகோல், சிறு பம்பு, செயின் இணைப்பு, அறுகோணச் சாவிகள். சாலையில் இருந்த பட்டறை முழுவதும் சீட்டுக்கடியில் உள்ள ஒரு பைக்குள் வந்துவிட்டது. யாரையும் நம்ப வேண்டியதில்லை என்பது வசதிதான். யாரோடும் பேசாமலே மதுரையிலிருந்து குமரி வரை போய்விட முடிகிறது என்பதை நான் வசதியாக எண்ணவில்லை.

தண்ணீர் விஷயத்தில் நாம் நிச்சயமாக முன்னேறியிருக்கிறோம். மிதிக்கும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும், வேகம் போய்விடும் என்று அன்று சொல்லித்தான் அனுப்புவார்கள். உலகம் முழுவதும் அந்த நம்பிக்கை இருந்தது. பிரான்ஸைச் சுற்றி நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அந்தக் காலத்தில் வீரர்கள் வழியில் தண்ணீர் வாங்குவதற்கே கட்டுப்பாடு இருந்தது. 1967 ஜூலை 13 அன்று, மரமே இல்லாத மோன் வான்டூ மலையின் வெயிலில், பிரிட்டிஷ் வீரர் டாம் சிம்ப்சன் வண்டியிலிருந்து சரிந்து இறந்தார். ஊக்க மருந்தும் மதுவும் அவர் உடலில் இருந்தன. வெப்பமும் நீரிழப்பும் சேர்ந்து முடித்துவிட்டன. இன்று அதே பந்தயத்தில் சட்டைக்குள் ஐஸ் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். வெப்பம் எல்லை மீறினால் நேரத்தையும் தூரத்தையும் மாற்றும் நெறிமுறையை உலகச் சைக்கிள் சங்கம் வகுத்திருக்கிறது.

நம் சாலைக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. மிதிக்கிறவர் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி உடம்புச் சூடு. அந்தச் சூட்டை வியர்வை உலர்ந்துதான் வெளியேற்ற வேண்டும். கயத்தாறுக் காற்று மிகவும் காய்ந்தது என்பதால் வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடுகிறது. சட்டை நனைவதே இல்லை. ஓட்டுகிறவர் தமக்கு வியர்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் மணிக்கு ஒரு லிட்டர் போய்க்கொண்டிருக்கும். மாலையில் சட்டையைக் கழற்றும்போது முதுகில் வரிவரியாகப் பூத்திருக்கும் உப்பைப் பார்த்தால் தெரியும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், வீசும் காற்று சூட்டை எடுத்துப் போகாமல் கொண்டுவந்து கொடுக்கும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றலும் வாந்தியும் வரும். உப்புப் போட்ட நீராகாரமும் நீர்மோரும் குடித்துவிட்டுக் கிளம்பிய பழைய ஆட்கள் விளக்கம் தெரியாமலே சரியானதைச் செய்தார்கள். இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. சாப்பாட்டுக்கு வழி மாறவே இல்லை: 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைவிட நல்ல சைக்கிள் தீனி ஒன்றை நான் எந்த வெளிநாட்டுப் பொட்டலத்திலும் கண்டதில்லை.

ஓட்டுகிறவர்களும் மாறியிருக்கிறார்கள். அன்று இந்தச் சாலையில் தொலைதூரம் மிதித்தவர் வேறு வழியில்லாமல் மிதித்தார், அல்லது கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மிதித்தார். பெண்கள் நெடுந்தூரம் ஓட்டி நான் பார்த்ததில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற்றியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. இன்று பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டங்களுக்கு ஆண்களும் பெண்களும் விரும்பி வருகிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணி நேரத்திலும், 400-ஐ 27 மணி நேரத்திலும், 600-ஐ 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். உதவி வண்டி பின்னால் வரக்கூடாது. முதல் பரிசு கிடையாது. ஐ.டி. ஊழியர்கள், மருத்துவர்கள், வங்கிக்காரர்கள் என்று பலரும் அதிகாலையில் பளிச்சிடும் சட்டையோடு கிளம்புவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. அன்று பிழைப்புக்காக இருந்தது இன்று விருப்பமாகியிருக்கிறது.

ஆனால் பிழைப்புக்காக மிதிக்கிறவர்கள் இன்னும் சாலையில் இருக்கிறார்கள், நாம் அவர்களைக் கவனிப்பதில்லை. கேரியரில் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் கட்டிக்கொண்டு, துருப்பிடித்த அட்லஸில், நண்பகலில் சர்வீஸ் ரோட்டில் போகிறவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும், சரியாக மேகாத்து கிளம்பும் வேளையில், அந்தப் பிள்ளைகள் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலை நான்கு மணிக் காற்றில் எழுந்து நின்று மிதிக்கிறார்கள். அவர்களிடம் கியரும் இல்லை, உப்புப் பொட்டலமும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது, நான் அவர்கள் வயதில் இந்தச் சாலையில் பெற்ற அதே மரம்தான்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தைப் பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு நிழலை அழகு வேலையாக நினைக்க முடியாது. சர்வீஸ் ரோட்டின் மேற்கு ஓரத்தில் வேம்பும் புங்கையும் புளியும் வைக்க வேண்டும். மேற்கில் வைத்தால்தான் பிற்பகல் வெயிலையும் மேகாத்தையும் சேர்த்துத் தடுக்கும். ஒவ்வொரு ஊரின் எல்லைக்குள் உள்ள மரத்துக்கும் அந்தந்த ஊராட்சியில் சம்பளத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்தால் கன்று பிழைக்கும். பழையபடி எண் எழுதி வைத்தால் எந்த மரம் போனது என்று கேட்கவும் முடியும். கப்பலூர் தொடங்கி நாங்குநேரி வரை உள்ள சுங்கச்சாவடிகளில் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே சைக்கிள் போகும் ஓரத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு கூரையும் வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

இந்தச் சாலையோரத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சித்திரையில் ஆசையோடு தண்ணீர்ப்பந்தல் போடுகிறீர்கள், கத்திரி முடிந்ததும் பிரித்துவிடுகிறீர்கள். சாத்தூருக்குத் தெற்கே வெயிலும் காற்றும் சேர்ந்து ஆளை வாட்டுவது அதற்குப் பிறகுதான். பந்தலை ஆடி கழியும்வரை விட்டுவையுங்கள். பானையில் தண்ணீரும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் உப்பும் இருந்தால் போதும்.